சித்தப்பாவின் இரண்டு விரல்கள்

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வெயிலில், அக்னி நட்சத்திரம் கொளுத்தும் நாட்களிலும், என் சித்தப்பா கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருடைய இடது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் இல்லை. 1991இன் தொடக்கத்தில், லடாக்கின் வடகோடியிலுள்ள சியாச்சின் பனியாற்றில், பனிக்கடியால் கருகிப்போன அந்த விரல்களை ராணுவ மருத்துவமனையில் வெட்டி எடுத்தார்கள். சியாச்சின் என்ற பெயர் அவர் வாயில் வராது. அங்கே இருந்துவந்த பலரையும் போல 'கிளேசியர்' என்பார், அவ்வளவுதான். எஞ்சியிருக்கும் விரல்களில் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஆகவே குளிக்க வெந்நீர் எடுத்து வைத்தால், சித்தி முதலில் தன் முழங்கையை விட்டுப் பார்த்த பிறகே அவரைக் கூப்பிடுவார். ஒருமுறை சித்தி ஊரில் இல்லாத நாளில் அவரே வெந்நீர் ஊற்றிக்கொண்டார். காலெல்லாம் கொப்புளம் பொரிந்திருந்ததைச் சாயங்காலம் பால்காரர் சொல்லித்தான் கவனித்தார்.

எங்கள் பக்கத்தில் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு அபூர்வம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். பட்டாளத்துக்குப் போவதை இங்கே யாரும் வீரம் என்றோ தியாகம் என்றோ பெரிதாகப் பேசுவதில்லை. நிலம் போதாத வீட்டில் ஒருவன் அரசாங்கச் சம்பளத்துக்குப் போகிறான், பதினைந்து பதினேழு வருடம் கழித்துப் பென்ஷனோடு வருகிறான், அந்தப் பென்ஷனில் தங்கைக்குக் கல்யாணமும் தளம் போட்ட வீடும் நடக்கின்றன. இந்த நடைமுறை ஞானத்தை நான் குறைவாக மதிப்பிடுபவன் அல்லன். என் படிப்பும் அந்தப் பென்ஷனில்தான் நடந்தது. இந்த ஏற்பாட்டில் யார் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்பதைத் தேசபக்திப் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே நாம் சரியாகக் கணக்குப் பார்த்ததில்லை என்பதே என் குறை.

சியாச்சினையே எடுத்துக்கொள்ளலாம். 1949இல் கராச்சியில் இந்திய, பாகிஸ்தான் ராணுவ அதிகாரிகள் போர்நிறுத்தக் கோட்டை வரைந்தபோது, என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நிறுத்திக்கொண்டு, அதற்குமேல் 'வடக்கே பனியாறுகள் வரை' என்று மட்டும் எழுதிவைத்தார்கள். அந்தப் பனிப்பாழில் மனிதன் போய்ச் சண்டை போடுவான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றியிருக்காது. 1984 ஏப்ரல் 13 அன்று 'ஆபரேஷன் மேகதூத்' என்ற பெயரில் நம் படை முந்திக்கொண்டு மேட்டுக் கணவாய்களில் ஏறி அமர்ந்தது. ஒரு பெருங்கவியின் காதல் காவியத்துப் பெயரை இந்தக் காரியத்துக்கு வைத்த அதிகாரி யாரோ, அவருடைய ரசனை எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அன்று ஏறிய படை இன்னும் இறங்கவில்லை.

அங்கே பல காவல் நிலைகள் 18,000 அடிக்கு மேலே இருக்கின்றன. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி வரை இறங்கும். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் பாதிதான். கையுறை இல்லாமல் துப்பாக்கியின் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்துவரும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். பனிப்பிளவில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் பிடித்து இழுப்பதற்காக. பனிக்கூடாரத்துக்குள் பகலிரவாக மண்ணெண்ணெய் அடுப்பு எரியும். கீழே இறங்கிவந்த பல நாட்களுக்குப் பிறகும் சளியில் கரி வந்துகொண்டிருந்தது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அவர் அங்கே இருந்தது மூன்று மாதங்கள். அந்த மூன்று மாதத்தில் எதிரியின் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இது அவருடைய தனி அனுபவம் இல்லை. சியாச்சினில் குண்டடிபட்டு இறந்தவர்களைவிடப் பனிச்சரிவிலும் பனிப்பிளவிலும் நுரையீரலில் நீர் கோத்தும் இறந்தவர்களே மிகுதி. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்த பிறகு பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது, சாவு மட்டும் ஓயவில்லை. 1984 முதல் 2015 முடிய 869 ராணுவத்தினர் அங்கே உயிரிழந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. விரலை இழந்தவர்கள், ஞாபகத்தை இழந்தவர்கள், கீழே வந்தபின் ரத்த அழுத்தத்தோடும் தூக்கமின்மையோடும் வாழ்பவர்கள் அந்த 869இல் சேர மாட்டார்கள். செத்தவர்களை எண்ணுவது சுலபம், பெட்டிகளை எண்ணினால் போதும்.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி, ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் நிலைமீது பனிமலை சரிந்து, 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு, பல அடி ஆழப் பனிக்குள்ளிருந்து கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டபோது நாடே கொண்டாடியது. அவர் பிப்ரவரி 11 அன்று டெல்லியில் இறந்துபோனார். அந்த நாட்களில் சித்தப்பா வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் அணைக்கப்பட்டிருந்தது. திரையில் யார் யாரோ உணர்ச்சிவசப்பட்டுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரே ஒரு முறை பேசினார்: "ஆறு நாளு உள்ள இருந்திருக்கான்." பிறகு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்.

மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை ஒன்று 2020இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. உயர்மலைகளில் பணியாற்றும் படையினருக்கான உடை, உணவு, தங்குமிடம் பற்றியது அது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை பல்நோக்குக் காலணிகள் வழங்கப்படாமல், இருக்கும் பழைய காலணிகளையே மறுபடி சரிசெய்து பயன்படுத்த நேர்ந்தது என்று அதில் எழுதியிருந்தது. பனிக்கண்ணாடிகளுக்குக் கடும் பற்றாக்குறை இருந்தது என்றும், சிறப்பு உணவுக்குப் பதிலாகக் கொடுத்த மாற்று உணவால் கலோரி 82 சதவீதம் வரை குறைந்தது என்றும் எழுதியிருந்தது. நிலைமை பின்னர் சரிசெய்யப்பட்டதாக ராணுவம் விளக்கம் கூறியது, அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தத் தேதிகளை இன்னொரு முறை பாருங்கள். ஹனுமந்தப்பாவுக்காக நாம் மெழுகுவத்தி ஏற்றிய பிப்ரவரி அந்தப் பதினொரு மாதங்களுக்குள்தான் வருகிறது. மெழுகுவத்தி ஏற்றியவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டு கழித்து அந்த அறிக்கையைப் பற்றி ஒரு வரி எழுதினோம்? நானும் எழுதவில்லை.

எதிர்ப்புறத்துக் கதையும் இதேதான். 2012 ஏப்ரல் 7 அன்று கயாரி என்ற இடத்தில் பாகிஸ்தான் படைமுகாமின்மீது பனி சரிந்து 140 பேரை மூடியது. இரண்டு நாடுகளும் படையை விலக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு 1989இல் கைகூடும் நிலைக்கு வந்து நழுவியது, 1992இலும் அப்படியே ஆனது. கார்கிலுக்குப் பிறகு அவர்களை எப்படி நம்புவது, நாம் இறங்கினால் அவர்கள் ஏறிவிட மாட்டார்களா என்று ராணுவத் தரப்பு கேட்பது நியாயமான கேள்வியே. நான் ராணுவ வல்லுநன் இல்லை, இன்றே இறங்கிவிடுங்கள் என்று தீர்ப்புச் சொல்லவும் வரவில்லை. இருந்தே தீர வேண்டும் என்பது முடிவானால், அங்கே இருப்பதன் விலையை முழுசாகக் கட்ட வேண்டியது நாடு என்கிறேன்.

அந்த விலை எத்தனை காலம் நீளும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1984 மே மாதத்தில், படை மேலே ஏறிய சில வாரங்களுக்குள், 19ஆவது குமாவுன் பட்டாலியனைச் சேர்ந்த சந்திரசேகர் ஹர்போலாவும் அவருடைய குழுவும் பனிச்சரிவில் சிக்கினார்கள். அவருடைய உடல் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் ஒரு பழைய பதுங்கிடத்துக்குள் எலும்புகள் கிடைத்தன. கூடவே கிடந்த, ராணுவ எண் பொறித்த உலோக வில்லையை வைத்து அவர்தான் என்று கண்டுபிடித்தார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள். கணவர் போனபோது இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு நின்ற அந்த அம்மா, முதுமையில், ஹல்துவானியில் கொடி போர்த்திய பெட்டியை எதிர்கொண்டார். இந்த முப்பத்தெட்டு ஆண்டுகளை எந்த நஷ்டஈட்டு அட்டவணையில் போடுவது?

உயிரோடு திரும்பியவர்களுக்கு வேறொரு போராட்டம் காத்திருக்கிறது, அது காகிதத்தோடு. சித்தப்பாவின் விரல்களுக்கு ஊனச் சான்று சிக்கலில்லாமல் கிடைத்தது. வெட்டிய விரல் கண்ணுக்குத் தெரியுமல்லவா. 2003இல் அவர் பணியிலிருந்து வெளியே வரும்போது இருந்த ரத்த அழுத்தத்துக்கும், இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்ளும் பழக்கத்துக்கும் மருத்துவக் குழு ஒரே வரியில் பதில் எழுதியது: ராணுவப் பணியால் உண்டானதன்று, அதனால் அதிகமானதுமன்று. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளைச் சேர்த்துப் பட்டாளத்தார் இதை 'நானா' என்பார்கள். 'நானா போட்டுட்டாங்க' என்றால் ஊனப் பென்ஷன் போயிற்று என்று பொருள். பதினெட்டு வயதில் மார்பளவும் கண்பார்வையும் பல்வரிசையும் சோதித்து, ஒரு குறையுமில்லை என்று முத்திரை குத்தி எடுத்துக்கொண்ட உடம்பு, திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் பிறவியிலேயே பழுதாக இருந்ததாகிவிடுகிறது.

இந்த அபத்தத்தை உச்ச நீதிமன்றமே சுட்டிக்காட்டியிருக்கிறது. 1985இல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994இல் வெளியேற்றப்பட்ட தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில், சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்று 2013இல் தீர்ப்பளித்தது. வலிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கப் பத்தொன்பது ஆண்டு ஆனது. அதற்குப் பிறகும் அரசின் மேல்முறையீடுகள் நிற்கவில்லை. ஊனப் பென்ஷன் விகிதம் தொடர்பாக அரசு போட்ட நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தது. மேடையில் சிப்பாய்க்குச் சல்யூட் அடிக்கும் அதே அரசு, நீதிமன்றத்தில் அவன் எதிரே வக்கீல் வைத்து நிற்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தை நான் பார்க்கிறேன். இனி சிப்பாய் வேலை நான்கு ஆண்டு. அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேருக்கு மட்டும் தொடர வாய்ப்பு. மற்றவர்களுக்கு வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய். பென்ஷன் கிடையாது, பணிக்கொடை கிடையாது. படையின் சராசரி வயது குறையும் என்றார்கள், அதில் உண்மை இருக்கலாம். ஆனால் 2022–23 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 5.25 லட்சம் கோடியில் ஏறக்குறைய 1.2 லட்சம் கோடி பென்ஷனுக்கே போனது என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் செலவைப் பாரம் என்று எழுதாத பொருளாதாரப் பத்தி எழுத்தாளர் குறைவு. எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நடந்துமுடிந்த காவலுக்கும் சண்டைக்கும் தாமதமாக வருகிற பில் அது. அந்த பில்லை நாட்டின் கணக்கிலிருந்து அடித்துவிட்டால் செலவு காணாமல் போய்விடாது. ஏதோ ஒரு கிராமத்தில், முழங்கையால் வெந்நீர் பதம் பார்க்கும் ஒரு பெண்ணின் கணக்கில் ஏறும்.

2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்தைச் சேர்ந்த ஓர் அக்னிவீரர் சியாச்சினில் பணியின்போது இறந்தார். அவர் குடும்பத்துக்கு 48 லட்சம் காப்பீடு, 44 லட்சம் கருணைத்தொகை, எஞ்சிய மாதங்களின் சம்பளம் என்று ராணுவம் பட்டியல் வெளியிட்டது. தொகை சிறியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நிலையில், அதே பனியில், பக்கத்தில் அதே கயிற்றில் கட்டப்பட்டு நின்ற நிரந்தரச் சிப்பாய் அப்படி இறந்திருந்தால் அவருடைய மனைவிக்குக் கடைசிச் சம்பளத்துக்கு இணையான தொகை மாதாமாதம் பென்ஷனாக வந்துகொண்டிருக்கும். பனிப்பிளவு ஆளைப் பார்த்து, இவன் நாலு வருஷத்துக்காரன் என்று விட்டுவிடுமா? இறக்காமல், பத்து வருடம் கழித்து வெளியே தெரியும் ஒரு நோயோடு இருபத்திரண்டு வயதில் திரும்புகிறவன் எந்தக் குழுமுன் போய் நிற்பான் என்பதை நினைத்தால்தான் எனக்கு அதிகம் கவலையாக இருக்கிறது.

எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் விடியற்காலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் ஓடிப் பயிற்சி எடுத்து, அக்னிவீர் தேர்வில் தேறிவிட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள் சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். பனியைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று ஆவலோடு திண்ணையின் ஓரத்தில் உட்கார்ந்தான். சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஜுரம்னு எம்.ஐ. ரூமுக்குப் போனாக்கூட அந்தச் சீட்டை விடாத. என்ன எழுதிக் குடுத்தாலும் ஒரு நகல் எடுத்து வீட்டுக்கு அனுப்பிடு" என்றார்.

"போன்ல படம் புடிச்சு வெச்சுக்கிறேன் பெரியப்பா."

"போன்லாம் வேணாம். காகிதமா அனுப்பு."

உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது: "எனக்கே அனுப்புடா. டிரங்குப் பெட்டியில இடம் இருக்குது."