நாலணா ரசீது

நேற்று அந்த மேடைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். "காங்கிரஸ் வெள்ளைக்காரனுக்கு மனு எழுதின கட்சி, சுதந்திரம் தானா வந்தது" என்றார் பேச்சாளர். கைதட்டினார்கள். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் வலிக்கிறது.

1885-ல் பம்பாயில் 72 பேர் கூடியபோது அது மனுக் கட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 1920 டிசம்பரில் நாகபுரியில் கட்சியையே பிரித்துக் கட்டினார்கள். வருஷத்துக்கு நாலணா கட்டினால் உறுப்பினர். வெள்ளைக்காரன் கிழித்த மாகாண எல்லையை விட்டுவிட்டு மொழிவாரிக் கமிட்டி. கிராமம், தாலுகா, ஜில்லா என்று அடுக்கு. 50,000 பேருக்கு ஒரு பிரதிநிதி. மனு எழுதுகிறவனுக்குத் தாலுகா கமிட்டி எதற்கு?

தப்பும் செய்தார்கள். 1924-ல் பெல்காமில், நாலணாவுக்குப் பதிலாக மாதம் 2,000 கெஜம் நூல் என்றார்கள். தினம் அரை மணி நேரம் ராட்டையில் உட்காரணும். பஞ்சைச் சரியாகக் கொட்டவில்லையென்றால் நூல் ஒரு இடத்தில் தடிக்கும், ஒரு இடத்தில் இளைத்து அறும். நூற்காதவர்கள் விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். விதியே அதற்கு இடம் கொடுத்தது. உறுப்பினர்கள் குறைந்தார்கள். மறுவருஷம் செப்டம்பரில் பாட்னாவில் நாலணா திரும்ப வந்தது. மனுக் கட்சிக்கு இந்தப் பாடு தேவையே இல்லை.

"பெருங்காமநல்லூரில் 1920-ல் குண்டடிபட்டுச் செத்தவர்கள் காங்கிரஸா?" என்று வருவீர்கள். இல்லை. ஒரு சாதியையே குற்றவாளியாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர் மக்கள். அந்த வீரம் முழுக்க அவர்களுடையது. ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்து அவர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப் யார்? காங்கிரஸ் வக்கீல். அந்த மக்களே 'ரோசாப்பூ துரை' என்று பேர் வைத்தார்கள். மதுரை யானைக்கல்லில் சிலையாக நிற்கிறார், நிமிர்ந்து பார்க்க ஆளில்லை.

சுபாஷ் என்பீர்கள். இரண்டு தடவை காங்கிரஸ் தலைவர். வ.உ.சி. என்பீர்கள். கப்பல் விட்டபோது அவர் எந்தக் கட்சி?

வெள்ளைக்காரன் போனால் மட்டும் போதும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை. 1939 ஜூலை 8-ல் மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர், கோயிலுக்குள் விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கனையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். சொந்த சாதியே அவரைத் தள்ளிவைத்தது. இதற்கு எந்த மனு?

மதுரை மேலமாசி வீதி, 251-ம் நம்பர். கீழே கதர்க் கடை. கதர் வாங்கக் காசில்லை என்று ரயிலில் ஏழைகள் சொன்னது மனதை அறுக்க, 1921 செப்டம்பர் 22 காலையில் காந்தி முழங்காலளவு வேட்டியோடு அந்த மாடியிலிருந்துதான் இறங்கினார். நேற்றுக் கைதட்டிய தம்பிகளே, அந்த வாசலைத் தாண்டித்தானே தினம் போகிறீர்கள். ஒரு நாள் படியேறிப் பாருங்கள்.