கனெக்டர் மாற்றினால் ஸ்பிரேயரில் அழுத்தம் கூடுமா?

மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரில், பேட்டரி ஒயரை இணைக்கும் கனெக்டரை எக்ஸ்டி60 என்ற, அதிக மின்சாரம் தாங்கும் வகைக்கு மாற்றினால் பம்பின் அழுத்தம் கூடும் என்று ஒரு அண்ணன் சொல்லியிருக்கிறார், பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல அண்ணே. கனெக்டர் மின்சாரத்தைக் கூட்டித் தராது, வழியில் வீணாவதை மட்டும்தான் குறைக்கும். பேட்டரியில் ஓடி பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் என்ற விளையாட்டுத் துப்பாக்கியில் இந்த மாற்றத்துக்குப் பலன் உண்டு. அந்த மோட்டார் 15, 20 ஆம்பியர் இழுக்கும். டாமியா என்ற சின்ன வகைக் கனெக்டர் அங்கே சூடாகிவிடும். நம் 12 வோல்ட் ஸ்பிரேயர் பம்ப் பெரும்பாலும் 2 முதல் 4 ஆம்பியர்தான் இழுக்கிறது.

நீங்களே சோதிக்கலாம். டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பம்பை ஓடவிடுங்கள். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கருவியை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கனெக்டருக்கு முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும், அதே சிவப்பு ஒயரில், உலோகம் தெரியும் இடத்தில் தொடுங்கள். அப்புறம் கறுப்பு ஒயரிலும் பாருங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் மாற்றுவதில் பயனில்லை. அரை வோல்ட் காட்டினால் பழைய கனெக்டர் தளர்ந்திருக்கும் அல்லது களிம்பேறியிருக்கும். மாற்றத்தான் வேண்டும், ஆனால் அதே வகையில் புதிது போதும். சம்பாவுக்கு மருந்தடிக்கிற நேரத்தில் மன்னார்குடிப் பக்கம் நல்ல ஒயரை வெட்டிவிட்டு நிற்கிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள்.