ஐந்தாம் ஹென்றியில வெட்டுன காட்சிகள்

இலக்கியம் வேற அரசாங்கம் வேற, ரெண்டையும் போட்டு குழப்பாதீங்கனு கட்டுரையில எழுதியிருக்கீங்க, ஆனா இங்கிலாந்துலயே கதை அப்படி இல்லங்க. 1944ல ஷேக்ஸ்பியர் நாடகத்தை வச்சு ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியர் எடுத்த ஐந்தாம் ஹென்றி படத்தை பாருங்க, உலகப்போர் நேரம், அரசு ஆதரவோட வந்த படம், பிரிட்டன் கமாண்டோக்களுக்கும் விமானத்துல போய் இறங்குற வான்வழி படைக்கும்தான் சமர்ப்பணமே. நாடகத்துல ராஜா ஹென்றி கைதிகளை கொல்லச் சொல்லுவான், பிரான்ஸ்ல இருக்குற ஹார்ஃப்ளூர் ஊர்க்காரங்ககிட்ட உங்க பச்சப்புள்ளைங்களை ஈட்டியில குத்துவோம்னு மிரட்டுவான், கூட இருந்த பிரபுக்களே துரோகம் பண்ணி மாட்டுவாங்க, இதெல்லாம் படத்துல கிடையாது!! நாடகத்தை படிச்சுட்டு படம் பார்த்தப்போ எனக்கு மனசே ஆறல. போர் நேரத்து அவசரம் புரியுது, ஆனா அந்த கொடூரத்தையும் மறைக்காம எழுதுனதுதான ஷேக்ஸ்பியரோட பெருமை.

இது ஒரு படத்தோட நிக்கல. 1921லயே அரசு கல்வி வாரியம் போட்ட நியூபோல்ட் கமிட்டி, வர்க்கமா பிரிஞ்சு கிடக்குற நாட்டை ஆங்கில இலக்கியம் ஒண்ணு சேர்க்கும்னு சொல்லுச்சு. 2015ல இருந்து இங்கிலாந்துல 16 வயசு பசங்க எழுதுற ஜிசிஎஸ்இ பரீட்சையோட ஆங்கில இலக்கியப் பாடத்துல, 1914க்கு அப்புறம் வந்த கதையோ நாடகமோ பிரிட்டிஷ் தீவுகளோடதா இருக்கணும்னு விதி, அதுல அமெரிக்க எழுத்தாளர்கள் ஸ்டைன்பெக், ஹார்ப்பர் லீ எல்லாம் லிஸ்ட்ல இருந்து போயிட்டாங்க. அதே லிஸ்ட்ல ஜப்பான் நாகசாகியில பிறந்த பிரிட்டிஷ் எழுத்தாளர் இஷிகுரோ இருக்காரு, பஞ்சாபி குடும்பத்து பிரிட்டிஷ் எழுத்தாளர் மீரா சயால் இருக்காங்க, அதையும் சொல்லணும்.