குழாய் எதுவா இருந்தா என்ன, தண்ணி எங்கிருந்து வருது?

பலர் தனித்தனியாக நடத்தும் சர்வர்கள் சேர்ந்து இயங்கும் சமூக வலைதளமான மாஸ்டடானுக்கு எந்த ஆப் போடலாம் என்று ஒரு வாரம் யோசிக்கிறார்கள். சர்வரை மட்டும் ஒரே நிமிடத்தில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்ய வேண்டிய வேலை. தர்மபுரிப் பக்கம் இதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை: போர் தண்ணியில் ஃப்ளோரைடு இருந்தால் பித்தளைக் குழாய் மாட்டினாலும் பல்லில் கறை விழத்தான் செய்யும். ஆப் வெறும் குழாய். சர்வர்தான் போர்வெல்.

நீங்கள் ஃபாலோ செய்பவர்கள், புக்மார்க், லிஸ்ட், ஃபில்டர் எல்லாமே சர்வரில் இருக்கின்றன. காலையில் ஒரு ஆப்பைத் தூக்கிவிட்டு சாயங்காலம் இன்னொன்றில் நுழைந்தாலும் எல்லாம் அப்படியே கிடைக்கும். டஸ்கி என்ற ஆண்ட்ராய்டு ஆப்பில் பாதி எழுதி வைத்த டிராஃப்ட்கள் மட்டும் போனிலேயே இருப்பவை, ஆப்போடு போய்விடும். சர்வர் மாறுவது அவ்வளவு லேசில்லை. ஃபாலோயர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம், பழைய பதிவுகள் வராது. தனிச்செய்திகளை சர்வரை நடத்தும் அட்மின் நினைத்தால் படிக்கவும் முடியும். அங்கே முழு என்கிரிப்ஷன் கிடையாது, எந்த ஆப்பும் அதைச் சரிசெய்யாது.

இனி குழாய்க்கு வருவோம். ஆண்ட்ராய்டில் என் ஓட்டு டஸ்கிக்கு. இலவசம், விளம்பரம் கிடையாது, மூல நிரல் ஜிபிஎல் 3 உரிமத்தில் திறந்தே இருக்கிறது. டேப்களை நம் இஷ்டத்துக்கு அடுக்கலாம், #தர்மபுரி என்ற ஹேஷ்டேக்கையே ஒரு டேபாக வைக்கலாம். மாஸ்டடானின் சொந்த ஆண்ட்ராய்டு ஆப் 2022-ல் வந்தபோது லோக்கல் (நம் சர்வர்ப் பதிவுகள்), ஃபெடரேட்டட் (நம் சர்வருக்கு வந்துசேரும் மற்ற சர்வர்ப் பதிவுகளும்) டைம்லைன்கள் அதில் இல்லை. அந்த எரிச்சலில் அதன் நிரலை எடுத்து மாற்றிக் கிளைத்தது மெகலோடான், அதிலிருந்து மோஷிடான். இப்படிக் கிளைத்தவற்றைப் போடும் முன் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். தாய் ஆப் ஓட ஓடப் பின்னால் ஓட வேண்டிய பிழைப்பு அவற்றுக்கு. ஃபெடிலேப் என்ற ஆப் ப்ளே ஸ்டோரில் காசு, திறந்த மூல ஆப்களுக்கான கடையான எஃப்-ட்ராய்டில் இலவசம். வசதிக்குக் குறைவில்லை, ஆனால் செட்டிங்ஸ் பக்கம் தொப்பூர் கணவாய் மாதிரி வளைந்துகொண்டே போகும். ஐபோன்காரர்கள் ஐஸ் க்யூப்ஸ் போட்டுக்கொள்ளலாம், அதுவும் திறந்த மூலம்.

எஃப்-ட்ராய்டை அதன் தளத்திலிருந்து இறக்கும்போது, 'தெரியாத ஆப்களை நிறுவ' அனுமதியை பிரவுசருக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். ப்ளே ஸ்டோர் டஸ்கி மேல் எஃப்-ட்ராய்டு டஸ்கியைப் போட்டால் 'ஆப் நிறுவப்படவில்லை' என்று நிற்கும். போனில் கோளாறு இல்லை, ஆப்பை வெளியிட்டது யார் என்று காட்டும் கையொப்பச் சாவி இரண்டிலும் வேறு. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதியதைப் போட முடியும், டிராஃப்ட் இருந்தால் முதலில் எங்காவது நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

டஸ்கிக்குள் புதுக் கணக்கு தொடங்க முடியாது. பிரவுசரில் சர்வர் பக்கத்துக்குப் போய்த் தொடங்கிவிட்டு வர வேண்டும். ஆப் கேட்கும் இடத்தில் சர்வரின் முகவரியை மட்டும் அடியுங்கள், உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டாம். பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் உங்கள் சர்வருடையது, பாஸ்வேர்டு ஆப்பின் கைக்குப் போவதில்லை. சர்வரின் பக்கத்தைக் காட்டாமல் ஆப்பே சொந்தமாக ஒரு பெட்டி வைத்து பாஸ்வேர்டு கேட்டால் அந்த ஆப்பே வேண்டாம்.

அதிகம் பேர் புலம்புவது நோட்டிஃபிகேஷன் தாமதத்துக்கு. டஸ்கி கூகுளின் புஷ் சேவையை நம்பியில்லை. அவ்வப்போது தானே போய் சர்வரைத் தட்டிப் பார்க்கும், அதனால் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். உடனே வர வேண்டும் என்றால், கூகுள் இல்லாமலே நோட்டிஃபிகேஷனைக் கொண்டுவரும் யூனிஃபைட்புஷ் வழி இருக்கிறது. எஃப்-ட்ராய்டில் நோட்டிஃபை என்ற ஆப்பை (என்.டி.எஃப்.ஒய். என்று நாலே எழுத்து) முதலில் போடுங்கள், அதன் பிறகு டஸ்கியில் லாகின் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தால் லாகவுட் செய்து மறுபடி வர நேரலாம். இரண்டுக்கும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள். ஷாவ்மி, ரியல்மி, விவோ போன்களில் ஆட்டோஸ்டார்ட் அனுமதியும் கொடுக்காவிட்டால் போனே பின்னணியில் கழுத்தை நெரித்துவிடும், பழி ஆப் மேல் விழும்.

அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் சிக்னல் நூலாகத்தான் வரும். அங்கே மீடியா முன்னோட்டத்தை செட்டிங்ஸில் அணைத்துவிட்டால் எழுத்து மட்டும் சட்டென்று இறங்கும்.

ஓசூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே ஆள் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதும் ஊர் அது. எழுதும் பெட்டியில் மொழியைத் தேர்ந்தெடுக்காமல் தமிழ்ப் பதிவு 'ஆங்கிலம்' என்ற முத்திரையோடு போனால், தமிழ் மட்டும் போதும் என்று வடிகட்டி வைத்தவர் கண்ணில் அது படாது. வாசிப்பவருக்கும் வழி உண்டு: மாஸ்டடானின் வலைப்பக்கத்தில், ஃபாலோ செய்யும் ஒவ்வொருவரிடமிருந்தும் எந்த மொழிப் பதிவுகள் வேண்டும் என்று தனித்தனியாகக் குறிக்கலாம்.

நாலைந்து ஆப்களைப் போட்டுப் பார்த்துவிட்டு நீக்கியவர்கள், சர்வரின் வலைப்பக்கத்தில் கணக்கு அமைப்புகளுக்குள் 'அனுமதித்த ஆப்கள்' பட்டியலைத் திறந்து பாருங்கள். போனிலிருந்து நீக்கிய பிறகும் அனுமதி அங்கே கிடக்கக்கூடும், ஒவ்வொன்றாக ரத்து செய்யுங்கள்.