சின்னப் பெட்டியில்தான் தங்கம் இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்

போன ஞாயிற்றுக்கிழமை எட்டுக் குழந்தைகளை உட்காரவைத்து, பேராசை கூடாது என்று ஒரு ஜப்பானியக் கதை சொன்னேன். கதை முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அதில் ஏழு பேர் ஒரு பிஸ்கட் டப்பா மேல் விழுந்து புரண்டு சண்டை போட்டார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, என் மேல்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவில் நிஷி கசாய் பக்கம் இருக்கிறோம். மாதம் இரண்டு ஞாயிறு எங்கள் குடியிருப்பின் பொது அறையில் பிள்ளைகளுக்குக் கதை நேரம். இந்தத் தடவை நூலகத்திலிருந்து ஒரு கமிஷிபை எடுத்துவந்தேன். தெரியாதவர்களுக்கு: கமிஷிபை என்றால் காகித நாடகம். கெட்டி அட்டைகளில் படம், முதுகுப் பக்கம் வசனம், ஒரு சின்ன மரச்சட்டத்துக்குள் வைத்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும். முதல் படத்துக்கான வசனம் கடைசி அட்டையின் முதுகில் இருக்கும், ஏனென்றால் கதை சொல்கிறவர் கண்ணில் படுவது அந்த முதுகுதான். யோசித்தவர் கெட்டிக்காரர். 1930களில் சைக்கிளில் இந்தச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்களாம், கட்டையைத் தட்டினால் பிள்ளைகள் கூடும், மிட்டாய் விற்பார்கள், அப்புறம்தான் கதை. என் ஜப்பானிய மொழி இரண்டாம் வகுப்புப் பிள்ளை அளவுதான், ஹிரகானா என்கிற எளிய எழுத்தில் இருந்தால் தட்டுத்தடுமாறி ஓட்டிவிடுவேன். முன்தினம் ராத்திரி உட்கார்ந்து தமிழில் தயார் செய்துகொண்டேன்.

கதையின் பெயர் ‘ஷிதகிரி சுசுமே’. நாக்கு வெட்டப்பட்ட சிட்டுக்குருவி. இங்கே இது தெரியாத ஆள் கிடையாது.

ஒரு ஊரில் ஒரு தாத்தாவும் பாட்டியும். தாத்தா காட்டில் அடிபட்ட குருவி ஒன்றைக் கொண்டுவந்து பிள்ளை மாதிரி வளர்க்கிறார். பாட்டிக்கு எரிச்சல். ஒருநாள் தாத்தா விறகுக்குப் போன நேரம், பாட்டி துணிக்குப் போடக் காய்ச்சி வைத்திருந்த கஞ்சியைக் குருவி தின்றுவிடுகிறது. பாட்டி கத்தரிக்கோலை எடுத்து அதன் நாக்கை வெட்டித் துரத்திவிடுகிறாள்.

இங்கே ஒரு நிமிடம். இந்தக் கஞ்சிக்கு ஜப்பானிய மொழியில் ‘நோரி’ என்று பெயர். இன்றைக்கு எழுதுபொருள் கடையில் போய் அதைக் கேட்டால் ஒட்டுகிற பசையைத் தருவான். அதனால் இந்தக் கதையை வேறு மொழிக்குக் கொண்டுபோகிறவர்கள் பலரும் “குருவி பசையைத் தின்றது” என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். முன்பு ஒருமுறை நானும் அப்படித்தான் சொன்னேன், என் மகள் “கோந்தையா தின்னுச்சு? வாய் ஒட்டிக்காதா?” என்று கேட்டுக் கதையே நின்றுபோனது. அது கோந்து இல்லை. நம் வீட்டில் பருத்திப் புடவைக்கு வடிகஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைப்போமே, அதே சமாசாரம், அரிசியில் காய்ச்சியது. குருவி பின்னே தின்னாமல் என்ன செய்யும்!

அந்தக் கஞ்சி அந்தக் கிழவிக்கு என்னவென்று யோசித்தால் இன்னொன்று தெரியும். பழைய காலத்தில் கிமோனோவைத் துவைப்பது என்றால் தையலைப் பிரித்து, துண்டு துண்டாக்கித் துவைத்து, கஞ்சி போட்டு, பலகையில் சுருக்கம் இல்லாமல் ஒட்டி வெயிலில் காயவைத்து, திரும்பத் தைக்க வேண்டும். துணி பிரித்துக் கிடக்கிறது, வெயில் இறங்குகிறது, வந்து பார்த்தால் சட்டி காலி. எனக்கே கோபம் வரும். கணவர் விறகுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார், வரும்போது குருவியைக் கொஞ்சுவார், கஞ்சி காய்ச்சுகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கதையில் அவளுக்குப் ‘பேராசைக்காரக் கிழவி’ என்ற பட்டம் முதல் வரியிலேயே ஒட்டப்பட்டுவிடுகிறது. சரி, கத்தரிக்கோல் எடுத்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்கு முன்னால் அவள் பக்கம் ஒரு சட்டி கஞ்சியாவது இருந்தது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன் “எங்கம்மாவும் துணி மடிக்கும்போது யாரும் கிட்டப் போகக் கூடாது” என்றான்.

கத்தரிக்கோல் அட்டை வந்தபோது அறை அமைதியாகிவிட்டது. ஒரு அம்மா பின்னாலிருந்து, அதைத் தாண்டிவிடுங்களேன் என்று சைகை காட்டினார். தாண்டவில்லை. நாக்கை வெட்டாமல் “பாட்டி திட்டினாள், குருவி பறந்துபோயிற்று” என்று சொன்னால், தாத்தா அப்புறம் ஏன் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

அந்த நடைதான் இந்தக் கதையில் எனக்கு உயிர். வீட்டுக்கு வந்து விஷயம் தெரிந்ததும் தாத்தா கிளம்புகிறார். “ஷிதகிரி சுசுமே, ஓயாதோ வா தொகோ தா”, அதாவது, நாக்கு வெட்டுப்பட்ட குருவியே, உன் வீடு எங்கே என்று பாடிக்கொண்டே மலையெல்லாம் தேடுகிறார். குழந்தைகள் இதை ராகம் போட்டுத் திரும்பத் திரும்பக் கத்தினார்கள், கீழ் வீட்டுக்காரரிடம் மறுநாள் மன்னிப்புக் கேட்டேன், அது தனிக் கதை. ஜப்பானின் சில வட்டாரங்களில் வாய்வழியாக வந்த வடிவத்தில் இந்த நடை இன்னும் கடினம். வழியில் மாடு கழுவுகிறவன் ஒருவன், குதிரை கழுவுகிறவன் ஒருவன். மாடு கழுவிய தண்ணீரைக் குடித்தால்தான் வழி சொல்வேன் என்பான் முதல் ஆள், குதிரை கழுவியதைக் குடி என்பான் அடுத்த ஆள். தாத்தா குடித்துவிட்டுப் போவார். குழந்தைப் புத்தகங்களில் இந்தப் பகுதியைக் காணோம். நான் சேர்த்துச் சொன்னேன். “ச்சீ” என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், ஆனால் தாத்தா மேல் அவர்களுக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான், முகத்தில் பார்த்தேன்.

குருவிகளின் வீடு மூங்கில் காட்டுக்குள். அடிபட்ட குருவி ஓடி வந்து வரவேற்கிறது. விருந்து, பாட்டு, குருவிகளின் நடனம். கிளம்பும்போது இரண்டு பெட்டிகளை வைக்கிறார்கள். ‘த்சுசுரா’ என்பார்கள், கொடியாலோ மூங்கிலாலோ பின்னி மெழுகி எடுத்த மூடியுள்ள பெட்டி, கிமோனோ வைக்கிறது. ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. தாத்தா சின்னதை எடுக்கிறார்.

ஏன் எடுத்தார்? இதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறோம். பேராசை இல்லாதவர் என்பதால் என்று கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஆனால் தாத்தா சொல்வது அதுவே இல்லை. 1871இல் மிட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார், அதிலும் சரி, என் கையில் இருந்த நூலக அட்டையிலும் சரி, தாத்தா சொல்லும் காரணம் ஒன்றுதான்: எனக்கு வயசாகிவிட்டது, கனமானதைத் தூக்க முடியாது. அவ்வளவுதான்! முதுகுவலி. அவர் அங்கே எந்தப் பரீட்சையும் எழுதவில்லை. குருவியைப் பார்க்கத்தான் போனார், பார்த்தாயிற்று, பெட்டி ஒரு உபரி. வீட்டுக்கு வந்து திறந்தால் பொன்னும் பட்டும்.

பாட்டி மறுநாளே கிளம்புகிறாள். இவளுக்கும் விருந்து உண்டு, பெட்டியும் உண்டு. பெரியதை எடுக்கிறாள், கனம் தாங்காமல் பாதி வழியிலேயே இறக்கித் திறக்கிறாள், பாம்பு, பூரான், ஒற்றைக்கண் பேய் எல்லாம் கிளம்புகிறது. 1889க்கும் 1892க்கும் நடுவில் வந்த முப்பத்தாறு பேய்ப் படங்களின் வரிசையில் யோஷிதோஷி என்ற ஓவியர் இந்தக் காட்சியைப் போட்டிருக்கிறார், தேடிப் பாருங்கள், ராத்திரியில் வேண்டாம்.

கதை முடிந்தது. இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். கேள்வி பதில் போரடிக்கும் என்று நிஜமாகவே இரண்டு பெட்டி கொண்டுபோயிருந்தேன். ஒன்று சாமான் வந்த பெரிய அட்டைப்பெட்டி, இன்னொன்று பிஸ்கட் டப்பா. இரண்டுக்குள்ளும் ஒரிகாமி காகிதம்தான், மடித்துப் பொம்மை செய்வார்களே, அது. “யாருக்கு எது வேணும்?” என்றேன்.

அவ்வளவுதான், டப்பா மேல் பாய்ந்தார்கள். தள்ளுமுள்ளு. ஒருத்தன் டப்பாவை வயிற்றுக்கடியில் வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான். ஒன்பது வயதுப் பெண், கொஞ்சம் பெரியவள், முட்டிமோதிக்கொண்டே மற்றவர்களுக்கு விளக்கம் வேறு சொன்னாள்: “சின்னதுலதான் தங்கம் இருக்கும். பெருசை எடுத்தா பாம்பு.” என்னமோ பங்குச்சந்தை ஆலோசகர் மாதிரி.

ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. இவர்கள் கதையைத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை, நாம் சொல்லிக்கொடுத்தபடியே புரிந்துகொண்டிருக்கிறார்கள். சின்னதை எடு, பெரிசாகக் கிடைக்கும். இது எப்படி ஆசையின்மை ஆகும்? இதைவிடச் சுத்தமான பேராசை எது? கிழவிக்கு இருந்த ஒரே குறை, அவளுக்குக் கதை தெரியாது என்பதுதான்.

இதில் வேடிக்கை, ஜப்பானியப் பழங்கதைகளே இந்த ஆபத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. இங்கே இந்த வகைக்கு ஒரு பெயரே உண்டு, ‘தொனாரி நோ ஜீ’, பக்கத்து வீட்டுக் கிழவர். ஒருவர் மனசார ஒன்றைச் செய்வார், அவருக்கு நல்லது நடக்கும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அதையே அச்சு அசலாகச் செய்வார், மாட்டிக்கொள்வார். பட்ட மரத்தில் சாம்பல் தூவிச் செர்ரிப் பூ பூக்கவைக்கும் கிழவர் கதை அப்படித்தான், பக்கத்து வீட்டுக்காரர் தூவிய சாம்பல் பிரபுவின் கண்ணில் விழும்.

குருவிக் கதைக்கே ஒரு மூத்த உறவுக்காரி இருக்கிறாள். 13ஆம் நூற்றாண்டுத் தொகுப்பான ‘உஜி ஷூயி மோனோகதாரி’யில் வருவது. பையன்கள் கல்லெறிந்து இடுப்பு ஒடிந்த குருவியை ஒரு கிழவி எடுத்துவந்து அரிசி ஊட்டிக் காப்பாற்றுகிறாள், வீட்டில் பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள், இந்த வயசில் குருவி வளர்ப்பா என்று. தேறிப் பறந்த குருவி ஒரு சுரை விதையைக் கொண்டுவந்து போடுகிறது. காய்த்த சுரைக்காயில் அள்ள அள்ளக் குறையாத வெள்ளை அரிசி. பக்கத்து வீட்டுக் கிழவி என்ன செய்கிறாள் தெரியுமா? இடுப்பு ஒடிந்த குருவியைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை, தானே கல்லெறிந்து மூன்று குருவிகளின் இடுப்பை ஒடித்துவிட்டு, அப்புறம் அரிசி ஊட்டி வைத்தியம் பார்க்கிறாள்! விதை வந்தது, காயும் காய்த்தது, உள்ளே இருந்தது குளவி, பூரான், பாம்பு. கொரியாவிலும் இதே கதை உண்டு, அங்கே தகைவிலான் குருவி, தம்பி நல்லவன், அண்ணன் அதன் காலை ஒடிப்பான்.

வைத்தியம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். அரிசியும் அதே அரிசி. அந்த மூன்று குருவிகளுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

அதே தொகுப்பில் கன்னத்தில் கட்டியோடு ஒரு கிழவர். பேய்கள் ஆடுவதைப் பார்த்துக் கால் நிற்காமல் தானும் இறங்கி ஆடிவிடுவார், பேய்களுக்குப் பிடித்துப்போய் இவர் நாளைக்கும் வரட்டும் என்று கட்டியை அடகாகப் பிய்த்து வைத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக் கிழவருக்கும் கட்டி, அவரும் போய் ஆடுவார், ஆட்டம் வராது, பேய்கள் சலித்துப்போய் அடகு வைத்த கட்டியையும் இவர் கன்னத்தில் ஒட்டி அனுப்பும். இந்த மனிதர் ஒரு கெடுதலும் செய்யவில்லை, பாவம். ஆடப் பிடிக்காமல் ஆடினார், அவ்வளவுதான். எனக்கு இந்தக் கதை கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது, ஆனால் குருவிக் கதையைவிட நேர்மையான கதை.

அதனால் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்களிடம், பாடப் பயிற்சி தயாரிக்கிறவர்களிடமும், ஒரு வேண்டுகோள். கதைக்குக் கீழே “நீ எந்தப் பெட்டியை எடுப்பாய்? ஏன்?” என்று கேட்காதீர்கள். அதற்கு நாலு வயசுக் குழந்தைக்கும் சரியான விடை தெரியும். தாத்தா மலையில் என்ன பாடினார் என்று கேளுங்கள். மாடு கழுவிய தண்ணீரை நீ குடிப்பாயா என்று கேளுங்கள், உண்மையான பதில் வரும். நாக்கு வெட்டுப்பட்ட குருவி தாத்தாவிடம் எப்படிப் பேசியது என்று என் மகள் கேட்டாள், அந்த மாதிரி அவர்களே கேட்கட்டும். தங்கம் வந்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். நான் அந்தத் தங்க அட்டையைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் வர்ணித்தேன், பட்டு, பவழம், காசு என்று. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தது அதைத்தான்.

எட்டில் ஏழு என்றேன் இல்லையா? எட்டாவது ஒரு பொடிசு, ஐந்து வயது, டப்பா பக்கமே போகவில்லை. நேராகப் பெரிய அட்டைப்பெட்டிக்கு வந்து இரண்டு கையாலும் மூடியைப் பிடித்துக்கொண்டது. உனக்கு ஏன் இது என்று கேட்டேன். “ஒத்தக்கண் பேய் பாக்கணும்” என்றது.

திறந்தோம். மஞ்சளும் நீலமுமாகக் காகிதம். மறுபடி கையை விட்டு அடிவரை துழாவிப் பார்த்தது, காகிதத்தை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டது, பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியது, அப்புறம் அழுதது பாருங்கள் ஒரு அழுகை, அம்மா வந்து தூக்கிக்கொண்டு போகும்வரை ஓயவில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் ஒரு பேய் வரைய வேண்டும். ஒற்றைக்கண்ணாக இருந்தால் ஒரு கண் மிச்சம், அந்த மட்டில் நிம்மதி.