பத்து ரூபாதானே!

நேத்து ராத்திரி எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல ஃபிரெண்டுகிட்ட அளந்துட்டு இருக்காரு: "மும்பையாடா? சல்லிசா முடிச்சுட்டு வந்துட்டோம். பெருசா செலவே இல்லை." நான் பக்கத்துல உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன். கண்ணு கலங்கினது வெங்காயத்தாலதான்னு அவர் நினைச்சிருப்பாரு.

பெருசா செலவே இல்லையாம். ஆமாய்யா, பெருசா இல்லை. அதுதானே அந்த ஊரோட சூட்சுமமே! மொத்தமா ஆயிரம் எடுன்னு கேட்டா நாம சுதாரிச்சுக்குவோம், பேரம் பேசுவோம், வேற ஆளைப் பார்ப்போம். அங்க யாரும் அப்படிக் கேட்கிறதில்லை. ஒருத்தர் பத்து கேட்பாரு. இன்னொருத்தர் இருபது. மறுபடியும் ஒரு பத்து. கோழிக்கு வலிக்காம ஒவ்வொரு இறகா பிடுங்கிட்டே இருந்தா, கடைசியில மொட்டையா நிக்கிறது கோழிக்கே தெரியாதுல்ல, அப்படி. எதுக்குங்க இந்தப் பத்துன்னு வாயைத் திறந்து கேட்டுட்டாப் போச்சு. உடனே ஒரு பார்வை வரும் பாருங்க, மேலேர்ந்து கீழ வரைக்கும். பத்து ரூபாய்க்கு வழக்குப் பேசுற கேவலமான பொம்பளை நாமதான்.

கைக்காசை எண்ணி எண்ணி வெச்சுட்டு ஊர் சுத்தப் போனவங்களுக்கு இது புரியும். ஃபிளைட்ல போய் இறங்கி, ஏசி கார்ல சுத்தினவங்க தயவுசெஞ்சு அடுத்த பதிவுக்குப் போயிடுங்க, உங்களுக்கும் எனக்கும் ஒத்து வராது.

இறங்கின அன்னிக்கே ஆரம்பிச்சுது. லாட்ஜ்ல மத்தியானம்தான் ரூம் தருவாங்களாம், அதுவரைக்கும் பையை ஸ்டேஷன் க்ளோக் ரூம்ல போட்டு வைக்கப் போனோம். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டோம்னுட்டாங்க. எங்க அத்தையோட ரெக்ஸின் பையில ஜிப்பே பாதிதான் இருக்கு, மீதிக்குச் சணல் கயிறு. அந்தப் பையைத் திருடுறவன் பாவம், அதுக்குள்ள முறுக்கும் மூட்டுவலித் தைலமும்தான். ஆனாலும் பூட்டு வேணும். வெளிய வந்தா வாசல்லயே ஒருத்தர் பூட்டு மாலை மாலையா கோத்துத் தொங்கவிட்டு நிக்கிறாரு. நாங்க வருவோம்னு அவருக்கு முன்னாடியே தெரியும். வாங்கின பூட்டு சாவி இல்லாமலே திறந்துச்சு. அதையே மாட்டிக் கொடுத்தோம், வாங்கிக்கிட்டாங்க. பேருக்கு ஒரு பூட்டு தொங்கினாப் போதுமாம்.

லோக்கல் ட்ரெயினைக் குறை சொல்ல மாட்டேன். அஞ்சு ரூபா டிக்கெட்ல இந்தக் காலத்துல எவன் ஏத்திக்கிட்டுப் போறான்? ஏத்திக்கிட்டுன்னு சொல்றது கூட தப்பு, பின்னாடி இருக்கிற கூட்டமே நம்மளைத் தூக்கி உள்ள வெச்சிடுது, கால் தரையில படணும்னு அவசியமே இல்லை. ஞாயித்துக்கிழமை ஊரைப் பார்க்கக் கிளம்பினவங்களுக்கு மெகா பிளாக்னு ஒரு வைபவம் உண்டு. தண்டவாள வேலை, இந்த லைன்ல ஸ்லோ வண்டி ஃபாஸ்ட் லைன்ல போகும், அந்த ஸ்டேஷன்ல நிக்காதுன்னு என்னென்னவோ மைக்ல சொல்வாங்க. சரி, வாரம் பூரா ஓடுற வண்டி, ஒருநாள் ரிப்பேர் பார்க்கத்தான் செய்வாங்க. அதையும் மன்னிச்சுட்டேன். ஆட்டோ பிடிக்கலாம்னா பாந்த்ராங்கிற ஏரியாவுக்குத் தெற்கால ஆட்டோவே கிடையாது, டாக்ஸிதான். அதையும் விட்டுத் தள்ளினேன்.

மன்னிக்க முடியாதது அந்த நீலச் சட்டையைத்தான்.

கேட்வே ஆஃப் இந்தியாவுல, குகைக் கோயில் இருக்கிற எலிபெண்டா தீவுக்கு போட் டிக்கெட் எடுத்தோம். போய் வர ஆளுக்கு இருநூத்துச் சொச்சம். அந்த கேட்வே வளைவு இருக்கே, அஞ்சாம் ஜார்ஜ் ராஜா 1911ல வந்து இறங்கினதுக்காகக் கட்டினது. ஆனா கட்டி முடிச்சது 1924ல. அவர் வந்தப்போ அங்க நின்னது அட்டையில செஞ்ச ஒரு மாடல் வளைவுதானாம். கட்டாத வாசல் வழியா உள்ள வந்துட்டுப் போயிருக்காரு மனுஷன், அவர்கிட்ட யாரும் பத்து ரூபா கேட்டதாத் தகவல் இல்லை.

டிக்கெட்டை நான் ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படிச்சேன். போறது, வர்றது, அவ்வளவுதான். மாடி, கீழ்த்தளம்னு ஒரு எழுத்து கிடையாது. இதை மனசுல வெச்சுக்கோங்க.

போட்டுல ஏறுறதே ஒரு சர்க்கஸ். கரையை ஒட்டி நிக்கிற போட் நம்மளது இல்லை. அதுக்குள்ள ஏறி, அந்தப் பக்கம் தாண்டி, அடுத்ததுலயும் ஏறித் தாண்டி, மூணாவதா நிக்குதே அதுதான் நம்மளது. எங்க அத்தை ஒரு கையில புடவைக் கொசுவத்தையும் இன்னொரு கையில என் பையனையும் பிடிச்சுக்கிட்டு முருகா முருகான்னு தாண்டுறாங்க. அப்பதான் ஒரு பையன் ஓடி வந்து கையைப் பிடிச்சு, "ஆவோ மாஜி, ஊப்பர், ஊப்பர்"னு ஏணிப்படியில ஏத்தி விட்டான். அவனேதான் கூப்பிட்டான், அவனேதான் ஏத்தினான். அத்தைக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. "ஏம்மா, என்ன மரியாதைப்பட்ட புள்ளை பாத்தியா, நம்ம ஊர்ல இப்படி யாரு செய்வா"ன்னாங்க.

மாடியில பிளாஸ்டிக் சேர். நல்ல காத்து. போட் நிறையற வரைக்கும் வெயில்ல அரை மணி நேரம் காத்திருந்தோம், அது தனிக் கதை. கிளம்பிச்சு. கேட்வே சின்னதாச்சு, தாஜ் ஹோட்டல் சின்னதாச்சு, திரும்பி நீந்திப் போக முடியாதுங்கிற தூரம் வந்ததும் படியில ஒரு தலை தெரிஞ்சுது. நீலச் சட்டை. நோட்டையெல்லாம் நீளவாக்குல மடிச்சு விரலுக்கு நடுவுல சொருகியிருக்காரு, நம்ம ஊர் கண்டக்டர் செய்வாரே, அதே ஸ்டைல்.

"ஊப்பர் கா தஸ் ருப்யா." மாடிக்குப் பத்து ரூபாயாம்.

நான் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கக் கூட இல்லை. அது போட்டுக்கு எடுத்த டிக்கெட், இது மாடிக்குன்னாரு. ஏங்க, மாடி போட்லதானே இருக்குன்னேன். எனக்குத் தெரிஞ்ச இந்தி ஒரு பிடி, அதுல பாதி எண்கள். ஆனா அன்னிக்கு எனக்குள்ள இருந்து எங்கிருந்தோ இந்தி வந்துச்சு பாருங்க, எங்க இந்தி வாத்தியார் கேட்டிருந்தா ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாரு. போர்டு எங்க, போர்டு காட்டுன்னேன். கீழ போய்ப் பாருன்னு கையைக் காட்டினாரு. நானும் விடலை, ஆடுற போட்ல படியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். இருக்குங்க! எழுதித்தான் போட்டிருக்கு. அந்த எழுத்து மேலயே லைஃப் ஜாக்கெட்டை வரிசையா மாட்டித் தொங்கவிட்டிருக்காங்க. அதைத் தூக்கிப் பிடிச்சாத்தான் எழுத்து தெரியும். போட் கவுந்து, எல்லாரும் ஆளுக்கொரு ஜாக்கெட்டை எடுத்துக்கிட்டுக் கடல்ல குதிச்ச பிறகு, கடைசியா முங்கப் போறவன் படிச்சுக்கலாம்: மாடிக்குத் தனிக் கட்டணம்.

திரும்ப மேல வந்தேன். ரசீது கொடுங்கன்னேன். சிரிச்சாரு. அதிர்ந்து கூடச் சிரிக்கலை, ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்போமே அப்படிச் சிரிச்சாரு. வேண்டாம்னா கீழ போய் உட்காரலாமேன்னாரு. மூட்டு வலியோட இருக்கிற அத்தையை மறுபடி அந்த ஏணியில இறக்கணுமாம். இதுக்குத்தான் அந்த மரியாதைப்பட்ட புள்ளை ஓடி வந்து ஏத்தி விட்டுது!

"ஏங்க, நீங்களாவது ஒரு வார்த்தை கேளுங்களேன்"னு இவர் பக்கம் திரும்பினா, இவர் கடலையே பார்க்கிறாரு. அப்படி ஒரு ரசனை. பையன் என் முந்தானையை இழுத்து "அம்மா, எல்லாரும் பாக்குறாங்கம்மா"ங்கிறான். பார்க்கட்டும்டா! அவங்களும்தானே கொடுத்தாங்க, வாயை மூடிக்கிட்டு. அப்புறம்தான் நம்மாளு வாயைத் திறந்தாரு: "விடும்மா, பத்து ரூபாதானே." சொல்லிட்டு அம்பது ரூபாய் நோட்டை எடுத்து நீட்டிட்டாரு. நாலு பேருக்கு நாப்பது. மீதிப் பத்து? "சேஞ்ச் பாத் மே." அப்புறமாத் தர்றேன். விரலுக்கு நடுவுல பத்து ரூபா நோட்டா அடுக்கி வெச்சிருக்கிற ஆள் சொல்றாரு சில்லறை இல்லைன்னு!

ஒரு மணி நேரக் கடல் பயணம். எண்ணெய்க் கப்பல் போச்சுன்னாங்க, கடல் புறா கூட்டமா வந்துச்சுன்னாங்க. நான் எதையும் பார்க்கலை. அந்த நீலச் சட்டை எந்தப் பக்கம் போகுதுன்னுதான் பார்த்துட்டு இருந்தேன். இறங்குறப்போ கேட்டேன், காதுல விழாத மாதிரி கயித்தைக் கட்டிட்டு இருந்தாரு.

தீவுல இறங்கினா படகுத்துறையில இருந்து படிக்கட்டு வரைக்கும் ஒரு குட்டி ரயில், அதுக்கு டிக்கெட். தீவுக்குள்ள கால் வைக்க ஒரு சின்ன வரி. அப்புறம் நூத்திருபது படி, ரெண்டு பக்கமும் கடை, மேல நீலத் தார்ப்பாய், ஒவ்வொரு படியிலயும் "மேடம், தேக்கோ". மேல குகைக்குத் தொல்லியல் துறை டிக்கெட் நாப்பது ரூபா. போர்டுல எழுதிப் போட்டு, சீட்டு கிழிச்சுக் கொடுத்து, மீதிச் சில்லறையும் கொடுத்தாங்க. எனக்கு அவங்களைக் கட்டிப் பிடிச்சு அழணும்னு இருந்துச்சு. வழியில ஒரு குரங்கு தண்ணி பாட்டிலைப் பிடுங்கிட்டு ஓடிடுச்சு. அந்த ஊர்ல காரணம் எதுவும் சொல்லாம நேரடியாப் பிடுங்கினது அது ஒண்ணுதான். மனசுக்குப் பிடிச்சிருந்துச்சு.

குகை பத்தி ஒரு குறையும் இல்லை. இருபதடி உயரத்துக்கு அந்த மூணு முகச் சிவன், நடு முகம் கண்ணை மூடிக்கிட்டு அப்படி ஒரு அமைதி. நான் கூட ரெண்டு நிமிஷம் அந்தப் பத்து ரூபாயை மறந்தேன்னா பார்த்துக்கோங்க. "எங்கம்மா யானை?"ன்னு பையன் கேட்டதும்தான் சுயநினைவே வந்துச்சு. போர்ச்சுகீசியர்கள் ஒரு கல் யானையைப் பார்த்துத்தான் இந்தத் தீவுக்கு இப்படிப் பேர் வெச்சாங்க. அந்த யானை இப்ப அங்க இல்லை. 1864ல வெள்ளைக்காரன் அதை இங்கிலாந்துக்குத் தூக்கிட்டுப் போகப் பார்த்து உடைச்சு வெச்சான். ஒட்டுப் போட்டு மும்பைக்குள்ளயே பைகுல்லாவுல ராணித் தோட்டத்துல நிறுத்தியிருக்காங்க. இவ்வளவு கொடுத்துக் கடல் தாண்டி வந்தா, யானை நாங்க ட்ரெயின்ல கடந்து வந்த ஸ்டேஷன் பக்கத்துல நிக்குது!

திரும்பும்போது முடிவு பண்ணிட்டேன். மாடிக்கு வர மாட்டேன். இது கொள்கை. இவரு, அத்தை, பையன் மூணு பேரும் மேல போனாங்க, முப்பது ரூபா அழுதாங்க. நான் கீழ போய் உட்கார்ந்தேன். எஞ்சின் சத்தத்துல பல்லு ஆடுது, டீசல் நாத்தம் குடலைப் பிடுங்குது. நிமிர்ந்து பார்க்கிறேன், எதிர்ல ஒரு குஜராத்தி அம்மா, இப்படிக் கையைக் கட்டிக்கிட்டு, மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கிட்டு. பக்கத்துல ஒரு வங்காளித் தாத்தா, அதே மூஞ்சி. கேரளாக்காரர் ஒருத்தர், குடும்பம் மாடியில இருக்குன்னு கையால காட்டினாரு. அந்தம்மா என்னைப் பார்த்து மேல விரலைக் காட்டி, "தஸ் ருப்யா?"ன்னாங்க. ஆமான்னு தலையாட்டினேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. பாரதம் முழுக்க இருந்து வந்து, டீசல் புகையில, கொள்கைக்காக உட்கார்ந்திருக்கோம். அந்தம்மா டப்பாவைத் திறந்து தேப்லான்னு அவங்க ஊர் சப்பாத்தி கொடுத்தாங்க, நான் அத்தையோட முறுக்கைக் கொடுத்தேன். கடலைக் கீழ இருந்து பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கு.

சரி, போகட்டும், சிரிச்சாச்சுன்னு லாட்ஜுக்கு வந்து குளிக்கப் போனேன். இதை மட்டும் சொல்லிடறேன். இந்தியாவுல லாட்ஜ் கட்டுற அத்தனை பேருக்கும் கேட்கிறேன். டைல்ஸ் ஒட்டியிருக்கீங்க, கீசர் மாட்டியிருக்கீங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கன்னு டிவி ரிமோட் கொடுக்கிறீங்க. பாத்ரூம்ல மாத்துத் துணியை எங்கய்யா மாட்டுறது? தாழ்ப்பாள்ல மாட்டினா தாழ்ப்பாள் விழ மாட்டேங்குது, குழாய்ல போட்டா நனையுது, தோள்ல போட்டுக்கிட்டு எவளாவது குளிக்க முடியுமா? கதவுக்குப் பின்னாடி ஒரு ஆணி. ஒரே ஒரு ஆணி. வேணும்னா அதுக்கும் ஒரு பத்து ரூபா சேர்த்து வாங்கிக்கோங்க, நான் ஏன்னு கேட்கவே மாட்டேன்.