"சரக்கு இருக்கா மாப்ள?"

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் உச்சிப்புளிப் பக்கம் ராணுவத்தில் இருக்கிற ஒருவர் லீவில் வந்து இறங்கினால் ஊர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி, "எப்பத் திரும்பிப் போற?" ஜம்முவில் ரயில் ஏறி, சென்னையில் வண்டி மாறி வந்த மனிதர் அப்போதுதான் பெட்டியைக் கீழே வைத்திருப்பார்.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த மச்சானிடம், "பார்டர்ல எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ரசத்துக்குச் சோறு வாங்காமலே இலையை மூடிவிட்டார். அந்த வருடம் கூட இருந்த ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்புறம் அவர் தங்கச்சி சொன்னாள். இன்றுவரை அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் இறந்த ஹவில்தார் பழனி நம் மாவட்டத்துக்காரர், கடுக்கலூர். மறு வருடம் அவருக்கு வீர் சக்ரா விருது அறிவித்தார்கள். எல்லோரும் டிபி மாற்றினோம். தப்பில்லை, ஆனால் கொஞ்ச நாளில் அந்த இடத்தில் பழையபடி நம் மூஞ்சி வந்துவிட்டது.

நம் கடற்கரையில் 'நேவி' என்றாலே படகைப் பிடிக்கும் இலங்கைக்காரன்தான் முதலில் ஞாபகம் வருகிறான். உச்சிப்புளியிலேயே 2009இலிருந்து நம் கடற்படையின் விமானத் தளம் ஐஎன்எஸ் பருந்து இருக்கிறது. மண்டபத்தில் கோஸ்ட் கார்டு. அங்கிருந்து டீ குடிக்க வரும் பையன்களோடு நம் ஆட்கள் கேட்காமலே செல்ஃபி எடுத்து, எந்த இடம், எந்தப் பிரிவு என்று எழுதிப் போட்டுவிடுகிறார்கள். அது அவர்களுக்கு ஆபத்து என்று தோன்றுவதே இல்லை. நான் போகும் டீக்கடை அண்ணன் அவர்களிடம் காசு வாங்கிவிடுவார். "வாங்கலைன்னா நாளைக்குக் கூச்சப்பட்டு வரமாட்டான்யா" என்பார். ஆனால் வீட்டுக்குப் போன் பேசுகிறவனுக்கு மூலைப் பெஞ்சைக் காலி செய்து கொடுத்துவிட்டு, எங்களையும் சத்தத்தைக் குறைக்கச் சொல்வார். எனக்குத் தெரிந்து இவ்வளவு நாசூக்கான நன்றி வேறு இல்லை.

டிசம்பர் 7 கொடி நாள். 1949இலிருந்து வசூலிக்கிறார்கள், பணம் முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்களின் நலனுக்குப் போகிறது. கொடியை வாங்கிச் சட்டையில் குத்துகிறோம், நல்லது. மற்ற நாட்களில்? ராணுவத்தில் இருப்பவருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள். அதில் பாதியைப் பட்டா மாற்றவும் கரண்ட் ஆபீசுக்கு அலையவும் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும். அந்த மனுவை இங்கே இருக்கிற நாம் முன்னாடியே எழுதிக் கொடுத்து, நாலு நடை நடந்து வைக்கலாமே. ஒரு சல்யூட்டைவிட அதில் அவருக்குப் பிள்ளைகளோடு நாலு நாள் கூடக் கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஒரு சித்தி, ராணுவத்தில் இருந்தவரின் மனைவி. குடும்ப பென்ஷனுக்கு வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். கருவாடு அலசி அலசித் தேய்ந்த விரல், ரேகை மிஷினில் விழவே இல்லை. இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். போனில் முகத்தைக் காட்டினாலே பதிகிற வசதி இருக்கிறது என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. திண்ணையிலேயே உட்கார வைத்துப் பதிந்தோம். "கண்ணைச் சிமிட்டுங்க சித்தி" என்றேன். வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாவது தடவைதான் பதிந்தது.